சதுரம் போட்டால் சரிவகம் வருகிறது, யாராவது சொல்லுங்களேன்

வணக்கம். குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) பழக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. 5 மி.மீ. ஊசி, நடுத்தரத் தடிமனில் வெளிர் நிற நூல். (முதலில் அடர் நீலத்தில் போட்டுக் கண் வலித்ததுதான் மிச்சம்.) சங்கிலி ஒழுங்காக வருகிறது. சிக்கல் சிங்கிள் குரோஷே என்ற குட்டையான அடிப்படைத் தையலில்தான்.

21 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கினால் முதல் வரிசையில் சரியாக 20 தையல். அப்புறம் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புகிறேன். பத்தாவது வரிசையில் எண்ணினால் 16! இரண்டு ஓரமும் உள்ளே சாய்ந்து, கணக்குப் புத்தகத்துச் சரிவகம் மாதிரி நிற்கிறது. திருப்பியதும் முதல் தையலை விட்டுவிடுகிறேனா, கடைசித் தையலைத் தவறவிடுகிறேனா? அந்தக் கடைசித் தையலின் மேலே தெரியும் 'வி' வடிவம் இறுகி, ஓரத்தில் ஒளிந்துகொள்கிறது. நீங்கள் அதை எப்படி அடையாளம் வைக்கிறீர்கள்? வேறு நிற நூல் துண்டு கோத்து வைத்தால் போதுமா?

இன்னொன்று. தையல்களுக்குப் பெயர் வைப்பதில் அமெரிக்க முறையின் சிங்கிள்தான் பிரிட்டிஷ் முறையில் டபுளாம். தெரியாமல் ஒரு கோஸ்டர் முழுவதையும் பிரித்தேன். செய்முறைக் குறிப்பில் 'சிங்கிள்' என்று இருந்தால் அமெரிக்க முறை, சரி. டபுள் மட்டுமே வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?