நமீப் வண்டின் முதுகுப் புடைப்பு தண்ணீர் பிடிக்கிறதா?

கருமணல்:
"நமீப் பாலைவன வண்டுகள் முதுகுப் புடைப்பால் பனியைப் பிடித்துக் குடிக்கின்றன" என்று வேங்கை நேற்று எழுதியதைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. எந்த வண்டு? ஆய்வாளர்கள் ஹாமில்டனும் சீலியும் 1976-இல் பதிவு செய்தது ஒனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் என்ற இனம். விடியுமுன் மணல்மேட்டு முகட்டுக்கு ஏறி, காற்றைப் பார்த்து நின்று, பின்பக்கத்தைத் தூக்கித் தலையைத் தாழ்த்தும். நீர் வழிந்து வாய்க்கு வரும். ஒரே காலையில் உடல் எடையில் சராசரி 12 சதவீதம் கூடும். அதன் முதுகில் புடைப்பே கிடையாது. பெரும்பாலும் வழவழப்பான முதுகு.

வேங்கை:
2001 நேச்சர் ஆய்விதழ்க் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேசவும். எழுதியவர்கள் பார்க்கர், லாரன்ஸ். ஸ்டெனோகாரா என்ற இன்னொரு நமீப் வண்டின் முதுகில் சுமார் அரை மில்லிமீட்டர் புடைப்புகள். உச்சி நீரை ஈர்க்கும், இடைவெளியில் மெழுகு நீரை விலக்கும். துளி பெருத்ததும் உருளும். புடைப்பு இருக்கிறது.

கருமணல்:
புடைப்பு இருப்பது வேறு, வண்டு அதனால் குடிப்பது வேறு. ஆய்வாளர்கள் நோர்கார்டும் டாக்கேயும் 2010-இல் நான்கு நமீப் வண்டினங்களை ஒப்பிட்டார்கள். தலையைத் தாழ்த்தி நின்றது உங்குயிகுலாரிஸ் மட்டும். ஸ்டெனோகாரா நிற்கவில்லை. நிற்காத வண்டின் முதுகில் எவ்வளவு நீர் சேர்ந்தாலும் வாய்க்கு எப்படி வரும்?

நீர்முள்ளி:
இருவரும் "பனி" என்று பொதுவாகச் சொல்வதுதான் குழப்பம். பனித்துளி என்றால் குளிர்ந்த பரப்பில் ஆவி நீராவது. இங்கே நடப்பது மூடுபனி. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரப் பெங்குவேலா குளிர்நீரோட்டத்தின் மேல் உருவான துளிகள் காற்றில் வந்து முதுகில் மோதுகின்றன.

கருமணல்:
பனி என்று எழுதியவர் வேங்கை. நான் அவர் வரியை எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். மோதலைத்தான் நானும் சொல்கிறேன். மூடுபனியிலிருந்து நீர் சேர்க்க மனிதர்கள் கட்டும் வலையிலும் அதே கணக்கு: ஒரு சதுர மீட்டர் வலை, அடிவிளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர், காற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும். வலைக்கண் மிகச் சிறிதானால் நீர் அடைத்துக் காற்று சுற்றிப் போய்விடும். தொய்ந்தால் துளி காற்றோடு போகும். நிற்கும் விதம்தான் முக்கியம், புடைப்பு இல்லை.

வேங்கை:
வலைக்கும் வண்டுக்கும் என்ன சம்பந்தம்? வெல்விச்சியா என்ற நமீப் செடியைப் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் திசை திருப்பினீர்கள். இலை மூடுபனியை உறிஞ்சுமா என்றால் வேரைப் பற்றிப் பேசினீர்கள்.

கருமணல்:
அதை இங்கே இழுக்காதீர்கள். லெபிடோகோரா வண்டு மணலில் காற்றுக்குக் குறுக்கே நீளமாக வரப்பு போடுகிறது. ஈரம் வரப்பில் சேரும், அதைக் குடிக்கும். அதற்கும் முதுகுப் புடைப்பு தேவைப்படவில்லை. உங்குயிகுலாரிஸில் புடைப்பு எங்கே என்று மூன்றாவது முறை கேட்கிறேன்.

வேங்கை:
நான் உங்குயிகுலாரிஸ் என்று எழுதவே இல்லை. ஸ்டெனோகாராவில் புடைப்பு இருக்கிறது.

நீர்முள்ளி:
ஸ்டெனோகாரா வாழ்வது சரளை வெளியில், மணல் முகட்டில் இல்லை.

கருமணல்:
"நமீப் வண்டுகள்" என்று பன்மையில் எழுதியது நீங்கள். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.