படம் புரிவது பிறவியிலா, பழக்கத்திலா?

பனங்குருத்து:
எழுத்தைப் போலவே படத்தையும் குழந்தை கற்றுத்தான் ஆகவேண்டும் என்பது என் நிலைப்பாடு. உளவியலாளர் ஹட்சன் 1960-இல் வெளியிட்ட தென்னாப்பிரிக்க ஆய்வில், பள்ளிச் சிறாருக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஒரு கோட்டோவியம் காட்டப்பட்டது. முன்புறத்தில் ஈட்டி ஏந்திய வேடனும் மானும். இரண்டுக்கும் நடுவே, தொலைவில் நிற்பதை உணர்த்துமாறு சிறிதாக வரையப்பட்ட யானை. வேடனுக்கு அருகில் இருப்பது எது என்று கேட்டபோது, பள்ளி சென்றிராதவர்களில் பலர் யானையையே காட்டினர். படத்தின் ஆழத்தை, அதாவது அருகில் இருப்பதற்கும் தொலைவில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, அவர்கள் உணரவில்லை என்பது ஹட்சனின் தீர்ப்பு.

நீலாம்பல்:
ஹாக்பர்க், புரூக்ஸ் இணையர் தம் குழந்தைக்கு 19 மாதங்கள் வரை படம் எதையும் காட்டிப் பெயர் சொல்லாமல் வளர்த்தனர். அதன்பின் பழகிய பொருள்களின் கோட்டோவியங்களைக் காட்டியதும் அது பெயர்களைச் சொல்லிவிட்டது. 1962-இல் வெளியான இந்த முடிவை என்ன செய்வது?

பனங்குருத்து:
அமெரிக்காவில் வளர்ந்த ஒரேயொரு குழந்தையை வைத்து உலகை அளக்க வேண்டாம். எத்தியோப்பியாவின் மெயன் மக்களிடம் 1970-களின் தொடக்கத்தில் டெரகாவ்ஸ்கி குழுவினர் துணியில் வரைந்த விலங்குப் படங்களைக் காட்டினர். பெரும்பாலோர் கண்டுகொண்டனர், ஆனால் உடனே அன்று, சற்று நேரம் எடுத்து, முயன்றே கண்டுகொண்டனர்.

கடற்காகம்:
இருவரும் வெவ்வேறு திறன்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். படத்தில் இருப்பது இன்னது என்று கண்டுகொள்வது ஒன்று. அது பொருள் அன்று, பொருளைக் குறிப்பது என்று உணர்வது வேறு. டிலோச்சி குழுவினரின் 1998 ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் புகைப்படத்திலிருந்த பொருளைத் தாளிலிருந்து பிடுங்கி எடுக்கப் பார்த்தனர். அமெரிக்கக் குழந்தைகளும் ஐவரி கோஸ்டின் கிராமக் குழந்தைகளும் இதில் ஒன்றே. (என் வீட்டுக் குழந்தை படத்து லட்டை நகத்தால் சுரண்டியதற்கு அன்று சிரித்தது தவறோ என்று இப்போது தோன்றுகிறது.) பண்பாட்டின் வேறுபாடு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. கலகன் குழுவினர் 2011-இல் கனடா, பெரு, இந்தியா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளை ஒப்பிட்டபோது, பிறரைப் பார்த்துச் செய்வது போன்ற திறன்கள் எங்கும் ஏறத்தாழ ஒரே வயதில் அமைந்தன. படத்தைக் குறியீடாகக் கையாள்வதிலோ, பெரியவர்கள் மடியில் வைத்துப் படம் காட்டிப் பேசும் வழக்கமுள்ள கனடாக் குழந்தைகள் முந்தினர். இந்திய, பெரு நாட்டுக் கிராமக் குழந்தைகள் பிந்தினர்.

நீலாம்பல்:
இந்தப் பிரிவினையை ஏற்கிறேன். ஆயினும் ஹட்சனின் படத்தை விடுவதாயில்லை. நிழலோ மேற்பரப்பின் நுண்மையோ இல்லாத வெறும் கோடுகள் அவை. ஜஹோடாவும் மக்கர்க்கும் 1974-இல் வேறு முறையில் சோதித்தபோது, ஸ்காட்லாந்துச் சிறாரைப் போலவே கானா நாட்டுச் சிறாரும் படத்தின் ஆழத்தை உணர்ந்தது தெரியவந்தது. தவிரவும், தாளின்மேல் அளந்து பார்த்தால் யானைதானே அருகில் இருக்கிறது? அந்தத் தொழிலாளி சொன்னதில் என்ன பிழை?

பனங்குருத்து:
பிழையில்லை. தாளை அளக்காமல் காட்சியை அளக்க வேண்டும் என்பது ஓவியரும் கேட்பவரும் தமக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு. அவரிடம் அதை எவரும் சொல்லியிருக்கவில்லை. எனவே ஹட்சனின் தீர்ப்பைக் கைவிடுகிறேன். கற்றுத்தான் வரும் என்ற என் கருத்தைக் கைவிடவில்லை.