புதுப்பிப்பு: பேரிடருக்குப் பின் பயணம் – விமான நிலையம் திறந்தால் மட்டும் போதாது

பேரிடர் நடந்த நாட்டுக்குப் போகலாமா என்ற முந்தைய பதிவில், விமான நிலையம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். நிவாரண விமானங்களுக்காக மட்டுமே ஓடுபாதை திறந்திருக்கலாம். அங்கிருந்து தங்குமிடம் வரை சாலையும் பாலமும் இருக்க வேண்டுமே.

விடுதிக்கு மெயிலைவிட போன் மேல். “எல்லாம் சரியாகிவிட்டதா?” என்று கேட்டால் “ஆமாம், வாங்க” என்றுதான் பதில் வரும். குழாயில் தண்ணீர் வருகிறதா, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, கட்டடத்தைப் பொறியாளர் பார்த்தாரா, அறைகளில் வீடிழந்தவர்கள் தங்கியிருக்கிறார்களா என்று பிரித்துக் கேளுங்கள்.

நிலநடுக்கம் என்றால் தேதியில் அவசரம் வேண்டாம். பெரிய அதிர்வு மறுபடியும் வரலாம்: நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம்; 17 நாள் கழித்து, மே 12 அன்று, மறுபடி 7.3 அளவில்.

பலர் கேட்ட பயணக் காப்பீடு: பேரிடருக்குப் பிறகு எடுத்த பாலிசி, அந்தப் பேரிடரால் பயணம் ரத்தானால் பெரும்பாலும் பணம் தராது. ‘முன்பே தெரிந்த சம்பவம்’ என்று தள்ளிவிடுவார்கள். முன்னதாகவே எடுத்திருந்தாலும், உங்கள் அரசு போக வேண்டாம் என்று அறிவித்த பகுதிக்குப் போனால் மருத்துவச் செலவுகூடக் கிடைக்காமல் போகலாம். டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாமல் கொஞ்சம் பொறுங்கள். விமான நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.