துர்ரும்மாவின் கவிதையில் பாலைவனம் வெறும் மரபா?

கேள்வி:
உமையா மரபுக் கலீஃபாக்கள் ஆண்ட காலத்து அரபுக் கவிஞர் துர்ரும்மாவைப் (இறப்பு ஏறத்தாழ 735) படித்து வருகிறேன். இராக்கில் பஸ்ராவும் கூஃபாவும் பெருநகரங்களாகத் தழைத்துவிட்ட காலத்திலும் அவர் கைவிடப்பட்ட கூடாரத் தடங்களையும் மய்யா என்ற பெண்ணையுமே பாடுகிறார். முன்னோர் வகுத்த மரபைப் பின்பற்றினாரா, அல்லது அந்த மணலில் வாழ்ந்ததால் வந்த கவிதையா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
மரபு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மரபை மட்டும் வைத்துக்கொண்டு தீக்கோழிக் குஞ்சின் வாயை எழுத முடியாது. அவருடைய புகழ்பெற்ற நெடும்பாடலில், மழைக்காற்று எழும் அந்தியில் ஆணும் பெண்ணுமாக இரண்டு தீக்கோழிகள் குஞ்சுகளை நோக்கி ஓடுகின்றன. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த அக்குஞ்சுகளின் தலை, தூவி முளைக்காத உருண்டை. வாயோரமோ, வில் செய்யும் மரத்தில் விழுந்த வெடிப்பு. குனிந்து பார்த்தவருக்கே இந்த உவமை வாய்க்கும். பாடல்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் தஹ்னா, அரேபியாவின் வடக்கே நஃபூத் பாலைவனத்தையும் தெற்கே ரூபுல் காலி பாலைவனத்தையும் இணைத்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் செம்மணல் பட்டை.

பதில் 2:
உடன்படுகிறேன். ஆயினும் அவர் நகரத்தை அறியாதவர் அல்லர். பஸ்ராவில் அதிகாரத்திலிருந்த பிலால் இப்னு அபீ புர்தாவைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். அங்கும் பாருங்கள், தம் பெண் ஒட்டகமான சைதஹிடம் 'பிலாலிடம் போய் மேய்ச்சல் தேடு' என்றுதான் சொல்கிறார். பெருங்கவிஞர் வரிசையில் தம்மை ஏன் சேர்ப்பதில்லை என்று அவர் கேட்டபோது, ஒட்டகச் சாணத்தையும் பாழிடங்களையும் பாடியதே காரணம் என்று அக்காலப் பெருங்கவிஞர் ஃபரஸ்தக் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. குறையாகச் சொல்லப்பட்டதில்தான் அவருடைய வலிமை இருக்கிறது. கைலான் என்ற இயற்பெயர் மறைந்து 'நைந்த கயிற்றுக்காரர்' என்ற பொருளுடைய துர்ரும்மா என்ற பட்டப்பெயர் நிலைத்ததற்கும், கூடார முளையில் எஞ்சிய கயிற்றுத் துண்டைப் பாடிய அடியே காரணம் என்பர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அவருக்கு எழுதத் தெரியும் என்றும், தம் மக்களிடையே அது இழுக்கு என்பதால் மறைத்தார் என்றும் படித்திருக்கிறேன்.

பதில் 1:
ஆம், அப்படி ஒரு செய்தி உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு, மய்யாவின் குடியினர் பெயர்ந்துபோன இடத்தில் அவர் அமர்ந்திருக்கும் அடிகளைப் படியுங்கள். செய்வதறியாமல் கூழாங்கல் பொறுக்குகிறார். மண்ணில் கோடு கிழிக்கிறார், கையால் அழிக்கிறார், மறுபடியும் கிழிக்கிறார். சுற்றிலும் காக்கைகள் வந்து இறங்கியிருக்கின்றன.