மேசைக் கணினியில் மின்விசிறி இரைச்சல்

கேள்வி: என் மேசைக் கணினியை இயக்கிய சில நிமிடங்களிலேயே உள்ளிருக்கும் விசிறிகள் பேரிரைச்சலுடன் சுழல்கின்றன; தூசியைத் துடைத்தும் குறையவில்லை. விசிறிகளை மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி 1: ஒலியின் தன்மையை முதலில் கவனியுங்கள். கரகரவென்று கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கும்; எண்ணெய் விட்டால் சிறிது காலம் அடங்கும் என்றாலும், அந்த விசிறியை மாற்றுவதே நல்லது. சீரான காற்றொலி மட்டுமே என்றால், செயலிக்கும் (CPU), அதன் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) உலர்ந்து, வெப்பம் கடத்தப்படாமல் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2: பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் விசிறி வேகத்தையும் சரிபாருங்கள், பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. பெட்டியில் இடமிருந்தால், 80 மி.மீ. விசிறிக்குப் பதிலாக 120 மி.மீ. விசிறியைப் பொருத்தினால், குறைந்த வேகத்திலேயே அதே அளவு காற்று கிடைக்கும்.

கேட்டவர்: கரகரப்பு இல்லை, காற்றொலிதான்; பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கிறேன்.