பிஜிஎம்ஐ-ல (கடைசி வரை உயிரோட இருக்கிறவங்க ஜெயிக்கிற மொபைல் துப்பாக்கி கேம்) தனியா இறங்கினா எப்படி இருக்கும்?

"தனியா"ன்னா ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க. சோலோ மேட்ச்ல எல்லாருமே தனி ஆள். ஸ்குவாடு எடுத்து, டீம் மேட்சிங் டிக்கை நீக்கிட்டு ஸ்டார்ட் குடுத்தா, நாலு பேர் டீம்களுக்கு நடுவுல நீங்க ஒருத்தர்தான். அங்க எதிரி விழுந்தா நாக், அதாவது சாகாம தவழ்வான்; நீங்க விழுந்தா ஆட்டம் முடிஞ்சு நேரா லாபி.

ஆனா அந்த நாக்தான் தனி ஆளுக்குக் கிடைக்கிற பிடி. விழுந்தவனை ரிவைவ் பண்ண, அதாவது எழுப்ப, 10 செகண்ட் ஆகும். ஒருத்தன் தவழ்ந்துட்டு இருப்பான், இன்னொருத்தன் குத்தவச்சு அவனைத் தூக்கிட்டு இருப்பான். மிச்சம் ரெண்டே துப்பாக்கி. அதுக்காக அதே ஜன்னல்லயே நிக்காதீங்க, உங்க திசை அவங்க மைக்ல போயிருக்கும். பக்கத்துக் கட்டடத்துக்கு மாறுங்க. ஸ்மோக் (புகைக் குண்டு) எங்க எழும்புதோ அங்கதான் ரிவைவ் நடக்குது. கிரனேடு பின்னை இழுத்து ரெண்டு செகண்ட் கையில வச்சு எறிங்க, எந்திரிச்சு ஓட நேரம் இருக்காது.

*

ஸ்குவாடுக்குள்ள தனியா போறது சரி ப்ரோ. சோலோ மேட்ச் எனக்கு ஒத்து வராது. எரங்கல் மேப் 8-க்கு 8 கிலோமீட்டர், பாதி நேரம் ஓட்டம்தான். கடைசி ஸோன்ல (சுருங்கிட்டே வர்ற பாதுகாப்பு வட்டம்) ஆளாளுக்குப் புல்லுல படுத்துக்குவாங்க. இதுல ஒரு விஷயம்: தூரத்துல இருக்கிறவன் ஸ்கிரீன்ல புல்லே வராது. நீங்க ஒளிஞ்சிருக்கறதா நெனப்பீங்க, அவனுக்கு வெறும் தரையில படுத்திருப்பீங்க. மரமோ பாறையோ பாருங்க.

பிரான்ஸ், சில்வர் மாதிரி கீழ் ரேங்க்ல விழற கில்லை எண்ணவே வேணாம். நேரா ஓடி வந்து நின்னு சுடறதெல்லாம் பாட், கம்ப்யூட்டர் ஆடற ஆளு.

*

தனி ஆள் தோக்கறது பெரும்பாலும் மருந்துலதான். ஃபர்ஸ்ட் எய்ட் 75 வரைக்கும்தான் ஏத்தும், அதுக்கு மேல டிரிங்க்கும் பெயின்கில்லரும். டிரிங்க் 40, பெயின்கில்லர் 60, ரெண்டும் சேர்ந்தா பூஸ்ட் பார் முழுசு. அடி வாங்கின பிறகு தேடாதீங்க, சண்டைக்கு முன்னாடியே குடிச்சிருங்க. சுடும்போதே ரத்தம் மெதுவா ஏறிட்டே இருக்கும், ஓட்டமும் கொஞ்சம் கூடும். ஸ்மோக் குறைஞ்சது மூணு வேணும். 8எக்ஸ் ஸ்கோப்பை விட்டுட்டு அதை எடுங்க, காவலுக்கு ஆள் இல்லாதப்போ அதுதான் சுவர்.

செத்தவன் பெட்டி தூண்டில். சத்தம் கேட்டு மூணாவது டீம் வந்துட்டு இருக்கும். குண்டு, மருந்து மட்டும் எடுத்துட்டு நகருங்க.

*

ப்ளூடூத் ஹெட்செட் வேணாம், காலடிச் சத்தம் தாமதமா வரும். டீம்ல "பின்னாடி ஆள்"னு சொல்ல ஒருத்தன் இருப்பான், இங்க காதுதான் எல்லாம். வயர் போட்டதே போதும். சார்ஜ் போட்டுட்டு ஆடினா போன் சூடாகி, சரியா கடைசி ஸோன்ல ஃபிரேம் விழுந்து ஸ்கிரீன் திக்கும். கவரைக் கழட்டிட்டு ஆடுங்க.

ரேண்டம் ஆளுங்களோட போறதை விட இது எவ்வளவோ மேல். அங்க உங்க ஏர்டிராப் பெட்டிக்கே சண்டை வரும்.