பழைய டெலிபோன் கேபிளில் அலுவலக இணையம்: இன்றும் பயன் உண்டா?

அச்சகத்தான் (சிவகாசி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அச்சகத்துக்கு முன்பு இழுத்த, ஐந்து ஜோடிக் கம்பிகள் கொண்ட டெலிபோன் கேபிளில் இரண்டு ஜோடிகள் லேண்ட்லைனுக்குப் போக, மூன்று சும்மா கிடக்கின்றன. ஃபைபர் கேட்டால், சாலையை வெட்ட அனுமதி வர வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்கிறார்கள். தினமும் 300 எம்பி அளவுள்ள வடிவமைப்புக் கோப்புகளை வெளியூருக்கு அனுப்புகிறோம். அந்தச் செம்புக் கம்பிகளிலேயே இணையம் வாங்குவதில் நன்மை உண்டா?

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்:
உண்டு ஐயா, ஆனால் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். வீடுகளுக்குத் தரும் டெலிபோன் கம்பி இணைய வகையான ஏடிஎஸ்எல்2+ பதிவிறக்கத்தில் 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வரை போனாலும் பதிவேற்றத்தில் 1 எம்பிபிஎஸ்ஸை ஒட்டியே நின்றுவிடும். அதில் உங்கள் கோப்பு போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். அதே செம்புக் கம்பியில் ஓடும் எஸ்எச்டிஎஸ்எல் என்ற இன்னொரு வகையில் இரு திசையிலும் ஒரே வேகம் கிடைக்கும். 2004இல் வந்த ஐஇஇஇ (மின்னியல் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பு) தரநிலை, ஒரு ஜோடியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து (டெலிபோன் நிலையம்) 2.7 கிலோமீட்டர் வரை 2 எம்பிபிஎஸ் என்று வகுத்தது. மூன்று ஜோடிகளையும் பிணைத்தால் 6 எம்பிபிஎஸ், அதாவது அதே கோப்பு ஏழு நிமிடத்துக்குள் போய்விடும். தொலைவு குறைந்தால் வேகம் இன்னும் கூடும். ஒரு ஜோடி அறுந்தாலும் வேகம் குறையுமே தவிர இணைப்பு நிற்காது. எனக்கு இதுதான் பெரிய நன்மையாகத் தெரிகிறது. பேச்சுக்கான அலைவரிசையையும் எஸ்எச்டிஎஸ்எல் எடுத்துக்கொள்வதால் போன் ஓடும் ஜோடியில் இதைப் போட முடியாது. உங்களிடம் தனி ஜோடிகள் இருப்பது நல்லதாயிற்று.

கணக்கர் அலுவலகம்:
வரைபடத்தில் காணும் தொலைவை நம்பிவிடாதீர்கள்; கேபிள் தெருத்தெருவாகச் சுற்றித்தான் வரும். எங்களுக்கு ஐப்பசி மழையில் கேபிள் இணைப்புகளில் ஈரம் இறங்கி, போனில் கரகரவென்று சத்தம் கேட்கும் நாளிலெல்லாம் இணையமும் தடுமாறியது.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்:
உண்மைதான். ஆகவே கையெழுத்திடும் முன், எக்ஸ்சேஞ்ச் முனையில் ஒவ்வொரு ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கச் சொல்லிவிட்டு, உங்கள் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 0.5 மில்லிமீட்டர் கம்பியானால் கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம் மின்தடை காட்டும். மூன்று ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். முள் ஆடினால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது.

அச்சகத்தான்:
மிக்க நன்றி. லைன்மேனை அழைத்து இன்று அளந்துவிட்டோம்: இரண்டு ஜோடிகள் 300 ஓமை ஒட்டி நின்றன, மூன்றாவது நிலையாக நிற்கவில்லை. அதைச் சரிசெய்து தருவதாக எழுதிக் கொடுத்தால் மூன்றையும் எடுக்கிறோம். ஃபைபர் விண்ணப்பத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை.